டெல்லி–சென்னை வண்டியில் மறுநாள் மதியத்துக்கு மேல் எல்லாம் ஏன் படுத்துவிடுகிறது?

மயூர்விகார்வாசி கேட்டது:

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு 74 வயது, முட்டி வலி, விமானம் என்றால் காது அடைக்கிறது என்று ஒரே பயம், அதனால் மூன்றாம் ஏசியில் லோயர் பெர்த் போட்டு ரயிலில்தான். எந்த வண்டி என்று சொல்லப் போவதில்லை. நீங்கள் போகிற வண்டியிலும் இதேதான் நடக்கும், பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது.

ராத்திரி கிளம்பும்போது குறை சொல்ல ஒன்றுமே இல்லை. பெட்டி முழுக்க பினாயில் வாசனை, விரிப்பு மடிப்புக் கலையாமல் காகித உறையில் வந்தது, டாய்லெட்டில் சோப்பு வரைக்கும் இருந்தது. பரவாயில்லையே, நாடு முன்னேறிவிட்டது என்று அம்மாவிடம் வேறு சொல்லித் தொலைத்தேன். மறுநாள் காலை ஒன்பது மணி வரைக்கும் அந்தப் பெருமை தாங்கியது. பதினொன்றரைக்குக் கை கழுவப் போய்க் குழாயை அமுக்கினால் புஸ்ஸென்று காற்றுதான் வருகிறது. எதிர்ப்பக்க டாய்லெட்டில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் அடைத்துக்கொண்டு விளிம்பு வரை நிற்கிறது. அந்தக் கோடிக்குப் போனால் அங்கே வரிசை.

இதற்கு அப்புறம் அம்மா தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். குடித்தால்தானே போக வேண்டியிருக்கும்? சுகருக்கு மாத்திரை போடுகிறவர், மதியத்திலிருந்து ராத்திரி வரை ஒரு பாட்டிலைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு இந்த ஒன்றுதான் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

சரி, யாரிடம் சொல்வது? டிடிஇ, அது தன் டிபார்ட்மெண்ட் இல்லை என்றார். படுக்கை கொடுக்கிற பையன், தனக்குப் பெட்ஷீட் கணக்கு மட்டும்தான் என்றான். பேன்ட்ரி ஆள் சாப்பாடு வேண்டுமா என்று மட்டும் கேட்டார். சுத்தம் செய்கிற பையன் பாவம், குச்சியை வைத்துக்கொண்டு அடைப்பைக் குத்திக்கொண்டிருந்தான், தண்ணீருக்கு அவன் எங்கே போவான். சாயங்காலம் ஏதோ ஒரு ஸ்டேஷனில் தண்ணீர் ஏற்றினார்கள், பிழைத்தோம். ராத்திரி அதே பையன் ஒரு தாளை நீட்டி, எல்லாவற்றுக்கும் எக்ஸலண்ட் என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போடச் சொன்னான், இல்லாவிட்டால் காண்ட்ராக்டர் சம்பளத்தில் பிடிப்பாராம். போட்டுக் கொடுத்துவிட்டேன். "என்னடா எழுதிக் கொடுத்தே?" என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

திட்டித் தீர்ப்பதற்காக இதை எழுதவில்லை. உள்விவகாரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: முதல் ராத்திரி நன்றாக இருக்கிற வண்டி மறுநாள் ஏன் இப்படி ஆகிறது? உருப்படியாக எதை மாற்றினால் இது சரியாகும்?

ரிட்டயர்டு_கேரேஜ் பதில்:

தம்பி, நான் ரயில் பெட்டிகளைப் பராமரிக்கிற கோச்சிங் டிப்போவில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இப்போது மகனோடு ஆர்.கே. புரத்தில் இருக்கிறேன். நீங்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. முதல் ராத்திரி நீங்கள் பார்த்தது டிப்போவின் வேலை. பிட் லைனில், அதாவது பராமரிப்புத் தண்டவாளத்தில், வண்டி மணிக்கணக்கில் நிற்கும், ஆள் இருப்பார்கள், தண்ணீர் இருக்கும், மேலதிகாரி வந்து பார்ப்பார். நகர ஆரம்பித்துவிட்டால் அதெல்லாம் இல்லை. அதற்கு மேல் வழியில் கிடைக்கிற பத்து நிமிஷத்தை நம்பித்தான் வண்டி ஓடுகிறது.

தண்ணீர் ஏற்ற என்று குறிப்பிட்ட ஸ்டேஷன்கள் உண்டு. தண்டவாளங்களுக்கு நடுவே வரிசையாகக் குழாய் முனைகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், வண்டி வந்து நின்றதும் ஆட்கள் ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். இருபத்திரண்டு பெட்டி, ஒவ்வொன்றிலும் மாட்ட வேண்டும், நிரம்ப வேண்டும், கழற்ற வேண்டும். வண்டி ஒன்றரை மணி நேரம் லேட் என்றால் வண்டி ஓட்டத்தைப் பார்க்கிற கண்ட்ரோலில் முதலில் கை வைப்பது நிற்கிற நேரத்தில்தான். பத்து நிமிஷம் ஐந்தாகும். நடுப்பெட்டிகளுக்கு ஏறும், கோடியில் இருக்கிறவனுக்குப் பாதித் தொட்டிதான். அழுத்தம் கூடிய பம்பு வைத்து முழு வண்டிக்கும் ஐந்து நிமிஷத்தில் நிரப்புகிற குவிக் வாட்டரிங் ஏற்பாட்டை நிறைய ஸ்டேஷன்களில் கொண்டுவந்திருக்கிறார்கள், அது இருக்கிற இடத்தில் இந்தத் தொல்லை குறைவு.

இன்னொன்று. பழைய ஐசிஎஃப் பெட்டியில் தொட்டி கூரைக்கு மேல் இருக்கும், தண்ணீர் தானாக இறங்கும். இப்போது ஓடுகிற எல்எச்பி பெட்டியில் தொட்டி அடியில் இருக்கிறது, மோட்டார்தான் மேலே தள்ள வேண்டும். மோட்டார் ட்ரிப் ஆனால் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் காற்றுதான் வரும். நீங்கள் கேட்ட அந்தப் புஸ் சத்தம் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அதனால் டிடிஇயிடம் "தண்ணீர் இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மோட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள். பல சமயம் ஒரு ஸ்விட்சில் தீர்ந்துவிடும்.

அடைப்பு வேறு கதை. நம் பெட்டிக்கு அடியில் இருக்கிற பயோ டாய்லெட், ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் குவாலியர் ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து செய்தது, நீங்கள் போகிற வழியில்தான் அந்த ஊர். 2011-இல் குவாலியர்–வாரணாசி பந்தேல்கண்ட் எக்ஸ்பிரஸில்தான் முதலில் பொருத்தினார்கள். தொட்டிக்குள் இருக்கிற பாக்டீரியா கழிவைத் தண்ணீராகவும் வாயுவாகவும் ஆக்கிவிடும். ஆனால் அது குட்கா பாக்கெட்டைத் தின்னாது, பிளாஸ்டிக் பாட்டிலைத் தின்னாது, குழந்தை டயப்பரைத் தின்னவே தின்னாது. டிப்போவில் ஒரு தொட்டியைத் திறந்தபோது உள்ளிருந்து ஒரு முழு டவல் வந்தது, கூடவே ஒரு செல்போன். இரண்டையும் யாரும் கேட்டு வரவில்லை.

கரோல்பாக்_காபி பதில்:

பெரியவர் கடைசியில் சொன்னதுதான் என் கட்சியும். எப்போதும் ரயில்வேயையே திட்டுகிறோம், நம் ஆட்கள் லட்சணம் என்ன? வாஷ்பேசினில் சாம்பார் சாதத்தைக் கொட்டுகிறவன் யார்? விரிப்பில் கை துடைக்கிறவன் யார்? போன தீபாவளிக்கு என் எதிர் சீட்டில் ஒரு குடும்பம், நல்லா படித்தவர்கள்தான், சாப்பிட்ட தட்டு ஆறையும் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பெட்டி நாறுகிறது என்று அவர்களே புகார் போடுகிறார்கள்.

காசு விஷயமும் இருக்கிறது. பயணச் செலவில் 57 சதவீதம்தான் கட்டணமாகத் திரும்பி வருகிறது என்று டிக்கெட்டிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் படுத்துக்கொண்டு போகிறோம், அந்தக் காசுக்கு என்ன ஐந்து நட்சத்திரமா கிடைக்கும்?

மயூர்விகார்வாசி:

சார், நான் ஐந்து நட்சத்திரம் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் கேட்டேன்.

முனிர்கா_மொட்டைமாடி பதில்:

மேலே இருக்கிற பதிலுக்கு நூறு லைக் போடலாம்.

57 சதவீதம் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிக்கெட் விலை குறைவு என்பது சரிதான், ஆனால் சுத்தம், துணி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டுக் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கொடுத்த காசுக்கு வேலை நடந்ததா என்று பார்ப்பதற்குத் தனியாக மானியம் எதற்கு? 2025-இல் நாடாளுமன்றத்தில் வைத்த சிஏஜி (அரசுக் கணக்குத் தணிக்கை) அறிக்கை ஒன்று தொலைதூர வண்டிகளின் சுத்தத்தைப் பற்றியே இருக்கிறது, தேடிப் படியுங்கள். 2022–23-இல் டாய்லெட்டிலும் வாஷ்பேசினிலும் தண்ணீர் இல்லை என்று மட்டும் 1,00,280 புகார். அதில் 33,937 புகார்களைக் குறித்த நேரத்துக்குள் தீர்க்கவில்லை. அதாவது மூன்றில் ஒன்று. ஆக உங்கள் அம்மா மாதிரி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேரோ.

நான் அடிக்கடி ஊருக்குப் போகிறவள், என் அனுபவத்தில் வேலை செய்கிறவற்றை மட்டும் சொல்கிறேன். ரயில்வே உதவி எண் 139-க்கு அடிக்கலாம், இல்லாவிட்டால் ரயில்மதத் செயலியில் பிஎன்ஆர் போட்டுப் புகார் எழுதலாம். எழுதுகிறபோது கோபத்தை எழுதாதீர்கள், பெட்டி எண், எந்தக் கோடி டாய்லெட், அடுத்த பெரிய ஸ்டேஷன் எது, இந்த மூன்றையும் எழுதுங்கள். பெரியவர் சொன்னபடி தண்ணீர் ஏற்றுகிற ஸ்டேஷன் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட்டால் பலன் இருக்கிறது, தாண்டின பிறகு போட்டால் ஐந்து மணி நேரம் போய்விடும். எனக்கு ஒரு தடவை பல்லார்ஷாவில் ஆள் வந்து பேர் சொல்லித் தேடினார், பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பெரிய ஆபீசர் என்று நினைத்துவிட்டார்.

ஏசி ஓடவில்லை என்றால் சும்மா விடாதீர்கள். டிடிஇயிடம் அதற்கான சான்று வாங்கிக்கொள்ளுங்கள், இறங்கி 20 மணி நேரத்துக்குள் டிடிஆர் (காசைத் திரும்பக் கேட்கிற மனு) போட்டால் கட்டண வித்தியாசம் திரும்பி வரும். இந்த 20 மணி நேரக் கணக்கு தெரியாமல் விட்டவர்கள் ஏகப்பட்ட பேர், ஊருக்குப் போன களைப்பில் மறுநாள்தான் ஞாபகம் வரும்.

சாப்பாடு: சாதா எக்ஸ்பிரஸ் வண்டியில் சைவச் சாப்பாடு 80 ரூபாய், அதுவே பிளாட்பாரத்தில் 70. டீ 10. ரயில்வேயின் பாட்டில் தண்ணீரான ரயில் நீர் லிட்டர் 15-ஆக இருந்தது, 2025 செப்டம்பரிலிருந்து 14. என்னிடம் ஒருவர் சைவத்துக்கு 130 கேட்டார், பனீர் இருக்கிறதாம். பில் கேட்டேன், போனவர் போனவர்தான். பில் இல்லாவிட்டால் காசு கொடுக்க வேண்டாம் என்பது ரயில்வேயே சொன்ன விதி, சும்மா கேட்டுப் பாருங்கள், பனீர் தானாக மறைந்துவிடும்.

அப்புறம் கம்பளி. விரிப்பை ஒவ்வொரு தடவையும் துவைக்கிறார்கள், கம்பளியை மாதத்துக்கு ஒரு தடவையாவது துவைக்கிறோம் என்று 2024 நவம்பரில் அமைச்சரே மக்களவையில் பதில் சொன்னார். அதைப் படித்த நாளிலிருந்து நான் வீட்டுப் போர்வையோடுதான் ஏறுகிறேன்.

லட்சுமிநகர்_லேட்கமர் பதில்:

நான் கொஞ்சம் வேறு மாதிரி யோசிக்கிறேன். இங்கேயிருந்து லக்னோவுக்கு 2019 அக்டோபரில் தேஜஸ் விட்டார்கள், ஐஆர்சிடிசியே நடத்துகிற வண்டி. ஒரு மணி நேரத்துக்கு மேல் லேட்டானால் 100 ரூபாய், இரண்டு மணிக்கு மேல் போனால் 250 ரூபாய் பயணிக்குக் கொடுக்கிறோம் என்றுதான் ஆரம்பித்தார்கள். தொகை பெரிதில்லை. ஆனால் வண்டி மொத்தத்துக்கும் ஒரே கை பொறுப்பு, தவறினால் அந்தக் கையிலிருந்தே காசு போகும், இது பெரிய விஷயம். நம் வண்டியில் துணிக்கு ஒருவர், துடைப்பத்துக்கு ஒருவர், தோசைக்கு ஒருவர், தண்ணீருக்கு வழியில் இருக்கிற ஸ்டேஷன்காரர். கல்யாண வீட்டில் நாலு சமையல்காரரை வைத்துவிட்டு உப்பு யார் போடுவது என்று கேட்கிற மாதிரி. எல்லாவற்றையும் தனியாருக்குக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஒருவர் வேண்டும்.

ரிட்டயர்டு_கேரேஜ்:

லக்னோ ஆறு ஏழு மணி நேரம் தம்பி, உட்கார்ந்து போகிற வண்டி. அதையும் முப்பத்து மூன்று மணி நேரம் ஓடுகிற வண்டியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. லக்னோ வண்டிக்கு நடுவழியில் தண்ணீர்ப் பிரச்சினையே வராது, டிப்போவில் நிரப்பினதே போதும்.

ஆனால் 'ஒருவர் வேண்டும்' என்பதை நான் நூறு சதவீதம் ஒத்துக்கொள்கிறேன். புது யோசனையும் இல்லை அது. 2018-லேயே ரயில்வே போர்டு 'ட்ரெயின் கேப்டன்' என்று ஓர் ஏற்பாடு சொன்னது, வண்டியில் போகிற சூப்பரிண்டென்டென்ட் மொத்த வண்டிக்கும் பொறுப்பு என்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பொறுப்பை மட்டும் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காவிட்டால் அந்த மனிதர் என்ன செய்வார்? சுத்தம் செய்கிற ஒப்பந்தக்காரருக்கு அவர் அபராதம் போட முடிய வேண்டும், அடுத்த ஸ்டேஷனில் மூன்று நிமிஷம் கூடுதலாக நிறுத்தித் தண்ணீர் ஏற்றச் சொன்னால் கண்ட்ரோல் கேட்க வேண்டும். இங்கே நேரம் தவறினால் மேலே கேள்வி வரும், தண்ணீர் தவறினால் வராது. அதனால் எப்போதும் நேரம்தான் ஜெயிக்கும். நான் சர்வீஸில் இருந்தபோதும் அப்படித்தான், என் கண் முன்னாலேயே ஹோஸ் பைப்பை பாதியில் பிடுங்கிக்கொண்டு வண்டி கிளம்பியிருக்கிறது, நானே கொடி காட்டாத குறை.

அந்தத் தாள் விவகாரமும் இதோடு சேர்ந்ததுதான். வேலை செய்தவனே மார்க் ஷீட்டைக் கொண்டுவந்து நீட்டினால் யார் ஃபெயில் போடுவார்கள்? பையனின் முகத்தைப் பார்த்தால் எனக்கும் கை வராது. கருத்துக் கேட்பதை அவன் கையிலிருந்து எடுத்துவிட்டு, இறங்கின பிறகு பிஎன்ஆரில் இருக்கிற நம்பருக்கு நேராக மெசேஜ் அனுப்பிக் கேட்கட்டும். சுத்தமாக இல்லை என்று பத்துப் பேர் சொன்னால் காண்ட்ராக்டரின் பில்லில் பிடிக்கட்டும், பையனின் சம்பளத்தில் இல்லை.

கரோல்பாக்_காபி:

இதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் டயப்பர் போடுகிறவனின் பிஎன்ஆரிலும் ஏதாவது பிடியுங்கள் சார்.

சாணக்கியபுரி_சைக்கிள் பதில்:

கொஞ்சம் சம்பந்தமில்லாதது, ஆனால் டாய்லெட் பேச்சு வந்ததால் சொல்கிறேன். போன ஞாயிறு பிள்ளைகளை ரயில் மியூசியத்துக்குக் கூட்டிப் போனேன். ஓகில் சந்திர சென் என்ற வங்காளத்துக்காரர் 1909-இல் எழுதின கடிதத்தை இந்த மியூசியத்தோடு சேர்த்துத்தான் சொல்வார்கள், அந்தக் கதையை வழியெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். பலாப்பழத்தை ஒரு கட்டுக் கட்டிவிட்டு வயிறு உப்பி, அகமத்பூர் ஸ்டேஷனில் இறங்கி ஒதுங்கியிருக்கிறார். கார்டு விசில் ஊதிவிட்டார், வண்டி நகர்கிறது. ஒரு கையில் சொம்பு, ஒரு கையில் வேட்டி, ஓடி வந்து பிளாட்பாரத்தில் அத்தனை பேர் முன்னாலும் விழுந்திருக்கிறார். அந்தக் கார்டுக்குப் பெரிய அபராதம் போடுங்கள், இல்லாவிட்டால் பேப்பருக்கு எழுதுவேன் என்று சாகிப்கஞ்ச் ஆபீசுக்குத் தப்பும் தவறுமான இங்கிலீஷில் எழுதியிருக்கிறார். சின்னவன் வயிறு வலிக்கச் சிரித்தான்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், முனிர்காக்காரர் சொன்னதெல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. எந்த ஸ்டேஷன், யார் செய்தது, என்ன நடந்தது, என்ன வேண்டும். அந்தக் காலத்துச் சாதாரண வகுப்புப் பெட்டியில் டாய்லெட் வந்ததற்கே இந்தக் கடிதம்தான் காரணம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்த மனிதர் எக்ஸலண்ட் என்று டிக் அடித்துக் கொடுத்திருந்தால் நம் கதி என்ன?

மயூர்விகார்வாசி:

அந்தக் கடைசி வரி எனக்குத்தான் என்று தெரிகிறது, வாங்கிக்கொள்கிறேன்.

எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. மோட்டார் ஸ்விட்ச் விஷயம் தெரிந்திருந்தால் அன்றைக்குப் பாதி நாள் மிஞ்சியிருக்கும் என்று தோன்றுகிறது. அம்மா அடுத்த மாதம் திரும்பி வருகிறார், தனியாக, நான் லீவு எடுக்க முடியாது. சென்னையில் மாமா ஏற்றிவிடுவார், இங்கே நான் போய் இறக்கிக்கொள்வேன். நடுவில் இருக்கிற அந்தப் பகல்தான் பயமாக இருக்கிறது. போனில் புகார் போடச் சொன்னால் அவருக்கு வராது. பிஎன்ஆர் என்னிடம் இருந்தால் நான் இங்கிருந்தே போடலாமா? பெர்த் எடுக்கும்போது வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

முனிர்கா_மொட்டைமாடி:

தாராளமாகப் போடலாம். பிஎன்ஆரும் பெட்டி எண்ணும் இருந்தால் போதும், என் தம்பிக்கு நான் இங்கிருந்து போட்டிருக்கிறேன். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை அம்மாவுக்குப் போன் போட்டு, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் கேளுங்கள். சாப்பாட்டுக்கு இ-கேட்டரிங்கில் நீங்களே ஆர்டர் செய்யலாம், 1323-க்கு அடித்தாலும் சரி, ஸ்டேஷனில் சீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். அம்மாக்கள் எப்படியும் புளியோதரை கட்டிக்கொண்டுதான் வருவார்கள், அது வேறு விஷயம்.

ரிட்டயர்டு_கேரேஜ்:

தனியாக வருகிறார் என்றால் லோயர் பெர்த் கோட்டாவில் போடுங்கள், பெண்களுக்கு 45 வயதுக்கு மேல் என்றாலே அதில் கிடைக்கும். பேன்ட்ரி காரை ஒட்டின பெட்டி வந்தால் ராத்திரி தூக்கம் போகும், ஆள் நடமாட்டம் ஓயாது. பெட்டியின் நடுவில் இருக்கிற பெர்த்தாகப் பாருங்கள், டாய்லெட்டை ஒட்டினது வேண்டாம், முட்டி வலிக்கு நாலு எட்டு கூட நடந்தாலும் பரவாயில்லை. ஒரு சின்னச் சொம்பைக் கையில் கொடுத்தனுப்புங்கள். அங்கே சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிற மக்குக்குக் குனிய வேண்டியிருக்காது.